சைபர் ஒத்திகை

கணினிவழித் தாக்குதல் ஒன்று நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஓர் ஊரின் நிர்வாகிகளும் அரசுத் துறையினரும் மின்சாரம், குடிநீர் போன்ற சேவைகளை நடத்துவோரும் தாங்கள் செய்ய வேண்டியதை முன்கூட்டியே பழகிப் பார்க்கும் பயிற்சிக்குச் சைபர் ஒத்திகை என்று பெயர். மென்பொருள் வல்லுநர்களுக்கான பயிற்சி வேறு, இது வேறு. இதில் வந்து உட்காரும் மேயருக்கோ தீயணைப்புத் துறைத் தலைவருக்கோ கணினி வலையமைப்பைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாருக்கு முதலில் தகவல் சொல்வது, எந்தச் சேவையை நிறுத்துவது, எதைக் கையால் ஓட்டுவது, மக்களிடம் என்ன சொல்வது ஆகியவைதான் பாடம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இம்முறை ஊர் அளவில் வளர்ந்த கதைக்குத் தொடர்ச்சியான பதிவுகள் உள்ளன. இக்கட்டுரையும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது.

தோற்றம்

ராணுவத்தில் தொடங்கிய வழக்கம் இது. 1997 ஜூன் மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்திய 'எலிஜிபிள் ரிசீவர்' ஒத்திகையில், தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் எதிரிகளாக நடித்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள்களை வைத்தே ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதிபர் கிளின்டனின் 63ஆம் எண் ஆணை வந்தது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு ஆகியவற்றைக் காப்பதில் தனியாருக்கும் அரசுக்கும் சேர்ந்த பொறுப்பு உண்டு என்றது அந்த ஆணை. துறைவாரியான தகவல் பகிர்வு மையங்கள் அதையடுத்து உருவானவை.

ஊர்களைப் பற்றி இவற்றில் அதிகம் பேச்சில்லை. அந்த இடத்தைப் பிடித்தது சான் அன்டோனியோ. விமானப்படைத் தளங்கள் நிறைந்த அந்த நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கிளையில் 2001இல் கட்டமைப்புப் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் 'டார்க் ஸ்கிரீன்' என்ற பெயரில் நடந்த மேசை ஒத்திகையில் நகராட்சி, கவுன்டி நிர்வாகம், ராணுவத் தளங்கள், பொதுச்சேவை நிறுவனங்கள் எல்லாம் ஒரே அறையில் அமர்ந்தன. அதிலும் பிறகு வேறு ஊர்களில் நடத்திய ஒத்திகைகளிலும் கிடைத்த அனுபவத்திலிருந்து, மையத்தின் இயக்குநர் கிரெகரி வைட்டும் உடன் பணியாற்றியோரும் ஊர்களுக்கான முதிர்ச்சி அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். விழிப்புணர்வு, தகவல் பகிர்வு, கொள்கை, திட்டமிடல் என்ற நான்கையும் ஐந்து படிகளில் வைத்து ஓர் ஊர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அந்த முறை. எத்தனை ஃபயர்வால் வாங்கினீர்கள் என்ற கேள்வி அதில் முதன்மை பெறவில்லை என்பதுதான் அதன் சிறப்பு.

நடக்கும் விதம்

மேசை ஒத்திகைக்கு ஒரு நீள மேசையும் பத்துப் பதினைந்து பேரும் ஒரு நடத்துநரும் போதும். நடத்துநர் கையில், எத்தனை மணிக்கு எந்தச் செய்தியை யாரிடம் கொடுப்பது என்ற பட்டியல் இருக்கும். அப்படிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு செய்தியையும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'இன்ஜெக்ட்' என்பார்கள்.

கற்பனைக்கு ஓர் ஒத்திகையை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குக் காவல் நிலையக் கணினி திறக்கவில்லை என்று ஒரு சீட்டு வருகிறது. ஏழரைக்குச் சம்பளப் பிரிவிலும் அதே கதை. 9 மணிக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர் போன் செய்கிறார். 10 மணிக்குக் குடிநீர் நிலையத்துத் திரையில் தொட்டியின் நீர்மட்டம் ஒரே எண்ணில் அசையாமல் நிற்கிறது. பழுது திரையிலா, தொட்டியிலா? நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். போவது யார்? தொட்டி வளாகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த இடத்தில் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை தன் வேலையைச் செய்யத் தொடங்குவது அப்போதுதான். அவசரகாலத் திட்டமே பூட்டப்பட்ட சர்வருக்குள்தான் இருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் அதற்குள்தான் என்பதெல்லாம் இத்தகைய மேசைகளில் அடிக்கடி வெளிப்படும் சங்கதிகள்.

முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், எல்லோரும் உட்கார்ந்து குறைகளைப் பேசுவார்கள். பிறகு எழுத்தில் ஓர் அறிக்கையும், யார் எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்ற திட்டமும் வர வேண்டும். சாவிக்கு மாற்றுச் சாவி செய்து வைக்கும் வேலை அந்தத் திட்டத்தில் யார் பெயருக்கும் எதிரே எழுதப்படாவிட்டால், அடுத்த ஒத்திகையிலும் அதே முகங்கள் அதே மாதிரி பார்த்துக்கொள்ளும்.

பேச்சோடு நில்லாமல் உண்மையான கருவிகளையும் ஆட்களையும் இறக்கிச் செய்யும் முழு ஒத்திகைகளும் உண்டு. செலவு அதிகம் என்பதால் சிறிய ஊர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அவற்றுக்காக அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட ஆயத்த ஒத்திகைத் தொகுப்புகளை இலவசமாகத் தருகிறது.

நிஜத் தாக்குதல்கள் தந்த பாடம்

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்பகிர்மான நிறுவனங்கள் தாக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறை ஊழியர்களின் கண்ணெதிரே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து துணைமின்நிலையங்களின் பிரேக்கர்களைத் திறந்தது. ஏறக்குறைய 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. புகார் சொல்ல மக்கள் அழைத்தால் எண் கிடைக்காதபடி தொலைபேசி மையத்தையும் போலி அழைப்புகளால் அடைத்துவிட்டார்கள். ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு துணைமின்நிலையங்களுக்குப் போய்ப் பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். பழைய சோவியத் கால அமைப்பில் கைவேலை தெரிந்த ஆட்கள் மிச்சமிருந்தது அன்றைக்கு ஊரைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் தானியங்கியாக்கி ஆட்களைக் குறைத்துவிட்ட நாடுகளில் பயிற்சி நடத்துவோர் இந்த நிகழ்ச்சியை ஓயாமல் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நகராட்சிகளின் கதை இன்னொரு விதம். 2018 மார்ச்சில் அட்லாண்டா நகரின் கணினிகளை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டியது. கேட்ட தொகை சுமார் 51,000 டாலர். மீள்வதற்கு ஆன செலவு பல மில்லியன். காவலர்கள் கையால் அறிக்கை எழுதினார்கள். மறு ஆண்டு மே மாதம் பால்டிமோர் மாட்டியது. வீடு விற்பனைப் பதிவுகள் நின்றுபோயின. மின்னஞ்சல் இல்லாத ஊழியர்கள் சமாளிக்க வேண்டி ஜிமெயில் கணக்குகளைத் திறந்தார்கள். ஒரே இடத்திலிருந்து இத்தனை கணக்குகளா என்று கூகுளின் தானியங்கி அமைப்பு சந்தேகப்பட்டு அவற்றையும் முடக்கியது. பின்னர் அவை திருப்பித் தரப்பட்டன. எந்த ஒத்திகை எழுத்தாளரும் இப்படி ஒரு திருப்பத்தை யோசித்து எழுதியிருக்கமாட்டார்.

டெக்சாஸின் முறை 2019 ஆகஸ்ட் 16 அன்று வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர் நிர்வாகங்கள் ஒரே நேரத்தில் முடங்கின. பல ஊர்களின் கணினிகளை ஒரே தனியார் சேவை நிறுவனம் தொலைவிலிருந்து பராமரித்து வந்தது. அந்தக் கதவு வழியாகவே தாக்கியவர்கள் உள்ளே வந்தார்கள். போர்கர் நகரில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் தர முடியவில்லை. தண்ணீர்க் கட்டணம் வாங்க முடியவில்லை. எல்லா ஊர்களுக்கும் சேர்த்துக் கேட்கப்பட்ட தொகை 25 லட்சம் டாலர். யாரும் கொடுக்கவில்லை. இத்தகைய நிலைக்கென மாநிலத்தின் தகவல்வளத் துறை முன்பே திட்டம் எழுதி வைத்திருந்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் இயங்கும் அதே அவசரகால மையம் அன்றே இயங்கத் தொடங்கியது. மாநில ராணுவப் பிரிவினரும் பல்கலைக்கழக வல்லுநர்களும் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லா இடங்களிலும் முதற்கட்ட வேலை முடிந்திருந்தது. பணம் கொடுக்காமலே மீளலாம் என்பதற்கு இன்றும் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

குடிநீர் நிலையங்களைப் பற்றிய செய்திகளைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் புளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் ஊரில் தண்ணீரில் கலக்கும் காஸ்டிக் சோடாவின் அளவை யாரோ தொலைவிலிருந்து நூறு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டதாகவும், பணியில் இருந்தவர் பார்த்து உடனே குறைத்ததாகவும் உலகமெங்கும் செய்தி வந்தது. ஊழியரின் கைத்தவறாகவே இருந்திருக்கலாம் என்று அந்த ஊரின் முன்னாள் மேலாளர் 2023இல் சொன்னார். பயிற்சி வகுப்புகளில் அந்தக் கதை பழைய வடிவத்திலேயே சொல்லப்படுவதுண்டு. அது தேவையுமில்லை, உறுதியான சான்றுகள் வேறு இருக்கின்றன. 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா குடிநீர் வாரியத்தில் அழுத்தத்தைச் சீராக்கும் கருவி ஒன்றைத் தாக்கினார்கள். ஊழியர்கள் அதை அணைத்துவிட்டுக் கையால் இயக்கினார்கள். அவ்வகைக் கருவிகள் பலவற்றில், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமலேயே விட்டிருந்தது அப்போது தெரியவந்தது. 2024 ஜனவரியில் டெக்சாஸின் மியூல்ஷூ என்ற சிற்றூரில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. தொலைவிலிருந்து கைவைத்தவர்கள் அதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். அங்கும் ஊழியர்கள் கைமுறைக்கு மாறித்தான் நிறுத்தினார்கள்.

நிலைய ஊழியர்களுக்கான பயிற்சி

மின்நிலையத்திலும் நீரேற்று நிலையத்திலும் வேலை செய்வோருக்குப் பேச்சு மட்டும் போதாது. ஐடஹோ தேசிய ஆய்வகம் 2007 மார்ச்சில் ஒரு சோதனை செய்தது. 27 டன் எடையுள்ள டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் பிரேக்கரை, மின்தொகுப்போடு இசையாத கணங்களில் திறந்து மூடும்படி கணினிவழியே கட்டளையிட்டார்கள். இயந்திரம் குலுங்கியது, பாகங்கள் சிதறின, புகை எழுந்தது. அந்தக் காணொளி அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது. கணினி நிரலால் இரும்பையும் உடைக்கலாம் என்று பொறியாளர்களை நம்பவைக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. அதே ஆய்வகம், தாக்கும் அணி, காக்கும் அணி எனப் பிரிந்து நிஜக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் மோதும் வகுப்புகளையும் நடத்திவருகிறது.

மின்துறைக்கு 2011 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் 'கிரிட்எக்ஸ்' ஒத்திகை உண்டு. 2017இல் அதில் 6,500 பேர் கலந்துகொண்டார்கள். நிறுவனத் தலைவர்களுக்கு அதில் தனி மேசை.

சட்டமும் பணமும்

டெக்சாஸ் 2019இல் மாநில, உள்ளாட்சி ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் சைபர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. சான் அன்டோனியோ மையம் உட்பட ஐந்து பல்கலைக்கழக அமைப்புகள் சேர்ந்த பயிற்சிக் கூட்டமைப்புக்கு 2022 மே மாதம் கூட்டாட்சிச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2025இல் டெக்சாஸ் தனியொரு சைபர் கட்டளையகத்தை உருவாக்கி அதையும் சான் அன்டோனியோவில் வைத்தது. குடிநீரில் மட்டும் வண்டி ஓடவில்லை. நீர்நிலைய ஆய்வின்போது சைபர் பாதுகாப்பையும் சோதிக்கும்படி சுற்றுச்சூழல் முகமை 2023 மார்ச்சில் மாநிலங்களுக்குச் சொன்னது. மூன்று மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன; குடிநீர் நிறுவனச் சங்கங்களும் அதில் சேர்ந்துகொண்டன. அக்டோபரில் முகமை அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதம்தான் அலிக்விப்பா.

இந்தியாவில்

கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் அரசு முகமையான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். தகவல் சொல்வதும் ஒத்திகை பார்க்க வேண்டிய ஒன்று என்பதற்குக் கூடங்குளம் ஓர் உதாரணம். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத் தரப்பு தாக்குதல் செய்தியை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருப்பதால் பாதிப்பில்லை என்றும் அறிவித்தது. இரண்டு செய்தியிலும் உலைக்கு ஆபத்தில்லை என்பதே சாரம். ஆனால் முதல் நாள் மறுப்பைப் படித்தவர்களுக்கு இரண்டாம் நாள் விளக்கத்தை நம்புவது எளிதாக இருந்திருக்காது.

எட்டாத இடம்

அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 சமூகக் குடிநீர் அமைப்புகள் உள்ளன. பெரும்பாலானவை சிறியவை. ஒருவரே மோட்டார் போட்டு, குளோரின் அளந்து, உடைந்த குழாயைச் சரிசெய்து, கட்டண ரசீதும் எழுதும் ஊர்கள் அவற்றில் பல. பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் வகுப்புகள் இலவசம். ஆனால் அந்த ஒற்றை ஊழியர் இரண்டு நாள் வகுப்புக்குப் போனால் பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஆகவே பயிற்சியாளர்கள் ஊருக்கே வந்து வகுப்பெடுக்கிறார்கள். சில பாடங்கள் இணையவழியிலும் உண்டு. அவற்றை வேலை முடிந்த பிறகு இரவில் பார்த்துக்கொள்ளலாம்.