ஆஸ்டன்காரர்கள் நாலு பேர்: பிளாக் சாபத்தின் கதை

ஹெவி மெட்டல் என்றால் நம் ஆட்கள் பலருக்கு நீளத் தலைமுடி, கறுப்பு டி-ஷர்ட், காதைக் கிழிக்கும் சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையில் போய் நிற்போம். பிளாக் சாபத் குழுவின் நாலு பேரும் 1948, 1949-ல் பிறந்தவர்கள், ஆஸ்டனில் வளர்ந்தவர்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த இடிபாடுகளில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள்.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் ஆஸி ஆஸ்போர்ன் என்ற பாடகரைப் பற்றி மட்டும் எழுதுவார்கள். மீதிப் பேர் டோனி அயோமியின் கிடாரைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலு பேரும் நாலு விதமான இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த நாலும் ஒன்றாக மோதியதில் பிறந்ததுதான் அந்தச் சத்தம். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

1. விரல் போன கிடாரிஸ்ட்

அயோமி இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். வீட்டில் அப்பாவும் மற்ற உறவினர்களும் அக்கார்டியன் வாசிப்பார்கள். இவருக்கு டிரம்ஸ் மேல் ஆசை. வீட்டில் அந்தச் சத்தம் தாங்காது என்று கையில் அக்கார்டியனைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு 'தி ஷேடோஸ்' குழுவைக் கேட்டு கிடாருக்கு வந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர், அதனால் தந்தியை அழுத்துவது வலது கை.

1965. வயது 17. தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டுவிட்டு ஜெர்மனிக்கு ஒரு குழுவுடன் வாசிக்கப் போவதாக இருந்தார். கடைசி நாள் வேலையில் இயந்திரம் இறங்கி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. தந்தியை அழுத்தவேண்டிய அதே கை!

தொழிற்சாலையின் மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் மேதை. அவரும் தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிப்போனவர்தான். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்துகொண்டார். மேலே தோல் ஒட்டினார். வழக்கமான தந்திகள் வலித்ததால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கிடாரில் மாட்டினார். பின்னாளில் தந்தியின் இழுவிசையைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் சில பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே இருக்கும். அந்தக் கனத்த, இருண்ட ஒலியை இன்று உலகம் முழுக்க நகல் எடுக்கிறார்கள். காயம்பட்ட கைக்கு வாசிக்கச் சுலபமாக இருக்கவேண்டும் என்று தேடிப்போனதில் கிடைத்த ஒலி அது.

2. ஜாஸ் கேட்ட டிரம்மர்

பில் வார்டின் ஆதர்சங்கள் ஜீன் க்ரூபா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் டிரம்மர்கள். அதனால் அவர் தாளத்தை இயந்திரம் போல நேராக அடித்துக்கொண்டு போகமாட்டார். நல்ல மிருதங்கக்காரர் பாட்டின் போக்குக்கு வாசிப்பாரே, அது மாதிரி கிடாரின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டே போவார். சந்தேகமாக இருந்தால் 'விக்கெட் வேர்ல்ட்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். அது சுத்தமான ஜாஸ் நடை! அயோமியும் வார்டும் 'மித்தாலஜி' என்ற ப்ளூஸ் குழுவில் இருந்தார்கள். 1968-ல் அது கலைந்தது.

3. கணக்குப் பிள்ளை

கீஸர் பட்லர் நம்ம டிபார்ட்மென்ட் ஆள் :-) ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், நிறையப் படிப்பவர். முதலில் இவர் ரிதம் கிடார்தான் வாசித்தார். அயோமி குழுவில் இன்னொரு கிடார் வேண்டாம் என்றதும் பேஸ் கிடாருக்கு மாறினார். 'க்ரீம்' குழுவின் ஜாக் புரூஸ்தான் இவருக்கு முன்மாதிரி. கிடாரிஸ்டாக இருந்து வந்ததால் அயோமியின் கூடவே தந்தியை வளைத்து வாசிப்பார். ஒரே கிடார் இரண்டு மடங்கு கனமாகக் கேட்பது இதனால்தான்.

பெரும்பாலான பாடல் வரிகளும் இவருடையவை. 'சாத்தான் குழு' என்று பெயர் வாங்கியவர்கள் பாடியது என்ன தெரியுமா? 'வார் பிக்ஸ்' பாடல், ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகளைப் பற்றியது. 'ஹேண்ட் ஆஃப் டூம்', போர்முனையிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றியது. அது வியட்நாம் போர்க் காலம்.

4. பீட்டில்ஸ் பைத்தியம்

ஆஸி 15 வயதில் பள்ளியை விட்டவர். பிளம்பர் உதவியாள், இறைச்சிக்கூடம், கார் ஹாரன் சரிபார்க்கும் வேலை என்று எதிலும் நிலைக்கவில்லை. திருடி மாட்டி, அபராதத்தை அப்பா கட்ட மறுத்ததால் சிறைக்கும் போனார். இவர் கேட்டு மயங்கியது பீட்டில்ஸ். அதனால்தான் எவ்வளவு கனமான பாட்டாக இருந்தாலும் இவர் குரலில் ஒரு எளிய மெட்டு இருக்கும். இவரிடம் அப்பா கடன் வாங்கி வாங்கித்தந்த மைக்செட் இருந்தது. அதைச் சொல்லியே இசைக்கருவிக் கடையில் விளம்பரம் ஒட்டினார். அதைப் பார்த்த அயோமிக்கு, ஒரே பள்ளியில் படித்த அந்த ஆஸியாக இருக்கக்கூடாதே என்ற கவலை. அவரேதான்!

நாலும் சேர்ந்தபோது

1968-ல் தொடங்கியபோது பெயர் போல்கா டல்க், பிறகு எர்த். அந்த டிசம்பரில் அயோமி கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் குழுவுக்குப் போனார். அங்கே காலையிலேயே ஒத்திகை தொடங்கும் ஒழுங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, நாமும் இப்படி உழைக்கவேண்டும் என்றார்.

ஒத்திகை இடத்துக்கு எதிரே இருந்த தியேட்டரில் 'பிளாக் சாபத்' என்ற 1963-ம் ஆண்டுப் பேய்ப்படம். பயப்படுவதற்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே, பாட்டில் அதைச் செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு நாள் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'மார்ஸ்' இசையை பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்து அயோமி அந்த மூன்று சுர வாசிப்போடு வந்தார். நம் கணக்கில் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்யமம். கல்யாணி ராகத்தில் இனிக்கும் அதே பிரதி மத்யமம்தான். ஆனால் பக்கத்தில் காந்தாரமோ பஞ்சமமோ இல்லாமல் தனியாக, மெதுவாக வந்து நிற்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. மேலை இசையில் இதற்கு 'இசையில் சாத்தான்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

முதல் தொகுப்பை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. விமர்சகர்கள் கிழித்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள், பிரிட்டனில் 8-வது இடம். அதே ஆண்டு வந்த 'பேரனாய்ட்' முதலிடம்.

ஒருவர் குறைந்தால்?

1979-ல் ஆஸியை நீக்கினார்கள். பிறகு பல பாடகர்கள், பல டிரம்மர்கள். நல்ல தொகுப்புகளும் வந்தன, 1980-ன் 'ஹெவன் அண்ட் ஹெல்' அதற்குச் சாட்சி. ஆனால் அது வேறு குழு. 2011-ல் நாலு பேரும் சேர்வதாக அறிவித்தார்கள். 2012-ல் ஒப்பந்தம் நியாயமாக இல்லை என்று வார்ட் விலகிக்கொண்டார். 2013-ல் வேறு டிரம்மரோடு வந்த '13' தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வணிகக் கணக்கில் நஷ்டமே இல்லை. ஆனால் அந்த ஜாஸ் நடை அதில் இல்லை. 2017-ல் சொந்த ஊரில் நடந்த 'கடைசி' கச்சேரியிலும் வார்ட் இல்லை.

அந்தக் குறை 2025 ஜூலை 5 அன்று தீர்ந்தது. இடம், ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து மைதானம். சிறுவனாக இருந்தபோது அங்கே பந்தாட்டம் பார்க்க வந்தவர்களின் கார்களுக்குக் காவல் இருந்து ஆஸி சில்லறை சம்பாதித்திருக்கிறார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். டிரம்ஸில் வார்ட். நாலு பேரும் ஒரே மேடையில் வாசித்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாலே நாலு பாட்டு. 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஆஸி இறந்துபோனார்.

அடுத்த முறை 'வார் பிக்ஸ்' கேட்கும்போது கிடாரையும் குரலையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பின்னால் வார்டும் பட்லரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.