மனைவி என்னும் ஒரு சொல்

திருமணம் என்பது இருவர் மனமொத்து ஏற்கும் உறவு. இரு குடும்பங்கள் கூடிக் கொண்டாடும் விழா. மேளம் முழங்கியது, உறவினர் கூடினர், தாலி ஏறியது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று நம் வீட்டு மூதாட்டியர் கேட்பர். பிறந்த ஊரிலேயே வாழும் வரையில் அக்கேள்வி நியாயமானதே. ஆனால், மணமகன் ஒரு நாட்டிலும் மணமகள் மற்றொரு நாட்டிலும் இருப்பாராயின், இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர்தாம் அரசாங்கம். ‘இவள் உன் மனைவி என்பதற்குச் சான்று என்ன?’ என்று அவர் வினவுகிறார். அந்த வினாவுக்காக நம் தமிழ்ப் பெண்கள் சிறை சென்ற காலம் ஒன்று உண்டு. அவ்வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மாணவர்களே! சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லியை நீங்கள் அறிவீர்கள். பூவிருந்தவல்லி என்பது அதன் பழம்பெயர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த பதி. ஆர்க்காடு, வேலூர்ச் சீமைகளிலிருந்து சென்னைக்கு வரும் பெருவழி அவ்வூரின் வழியாகவே வருகிறது. அதற்கு வடக்கே, ஆவடி, அம்பத்தூர் வழியாக, இராயபுரத்தையும் வாலாஜா சாலையையும் இணைத்த இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பூந்தமல்லி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வட ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வறுமையால் வெளியேறிய மக்கள் சென்னைத் துறைமுகத்தை நோக்கி நடந்தனர். அவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிற்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல், 342 பேருடன் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதன் பிறகு 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 இந்தியர் அந்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கினர். தாமே கப்பற் கூலி கொடுத்துச் சென்ற வணிகரும் அங்கே குடியேறினர். ஓராண்டு ஈராண்டு அன்று, ஒரு தலைமுறையே கழிந்தது. அம்மண்ணில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தனர். அவர்களுக்கு மணம் முடிக்க வேண்டிய காலம் வந்தது.

கப்பலேறியவர்களில் ஆண்களே மிகுதி, பெண்கள் குறைவு. ஆகவே பெண் தேடித் தாய்நாட்டிற்குத் திரும்பி வருவதும், மணம் முடித்து மனைவியை அழைத்துச் செல்வதும் வழக்கமாயின. கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டில் வாழ்ந்தவர்களாயினும், இருவரும் ஒரே பிரிட்டிஷ் மன்னரின் குடிமக்கள்தாம். ஆயினும் அக்குடியுரிமை அவர்களுக்குத் துறைமுகக் கதவைத் திறக்கவில்லை.

நேட்டால் அரசாங்கம் 1897-ஆம் ஆண்டில் குடியேற்றத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் உள்ளே நுழையக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியர் என்ற பெயரைச் சொல்லாமலே இந்தியரைத் தடுக்கும் சூழ்ச்சி அது. எனினும் ஒரு விலக்கு இருந்தது. அங்கே வாழும் உரிமை பெற்றவரின் மனைவியும், வயது வராத மக்களும் அத்தேர்வின்றி உள்ளே வரலாம். ஆகவே, ஒரு குடும்பம் ஒன்றாக வாழ்வதா, கடலுக்கு இருபுறமும் பிரிந்து வாடுவதா என்பது ‘மனைவி’ என்ற ஒரு சொல்லைப் பொறுத்து நின்றது.

அச்சொல்லின்மேல் இடி விழுந்த நாள் 1913-ஆம் ஆண்டு மார்ச்சு 14. ஆசன் ஈசோப் என்பவர் தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த ஒரு முசுலிம். அவர் இந்தியாவில் தம் சமய முறைப்படி மணந்த பாய் மரியம் என்னும் பெண்ணைக் குடியேற்ற அதிகாரிகள் நாட்டிற்குள் அனுமதிக்கவில்லை. வழக்குக் கேப் மாநில நீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிபதி சர்ல் தீர்ப்பு வழங்கினார். ஒருவன் பல மனைவியரை மணக்க இடந்தரும் சமயத்தின் முறைப்படி நடந்த மணத்தை அந்நாட்டுச் சட்டம் மணமாக ஏற்காது. ஆகவே மரியம் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லள் என்பது தீர்ப்பு.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஈசோப் எத்தனை பெண்களை மணந்தார் என்பதன்று கேள்வி; அவருடைய சமயம் எத்தனை பெண்களை மணக்க இடம் தந்தது என்பதே கேள்வி. அந்நாளில் இந்து சமய வழக்கமும் பலதார மணத்தைத் தடுக்கவில்லை. இந்தியா முழுமைக்குமான தடை 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தால் பின்னரே வந்தது. எனவே, ஒரே மனைவியுடன் வாழ்நாள் முழுதும் வாழ்ந்த இந்துவின் மணமும், முசுலிமின் மணமும் ஒருங்கே செல்லாதவை ஆயின. கிறித்தவ முறைப்படி நடந்தவையும், அரசாங்க அதிகாரிமுன் பதிவானவையுமே எஞ்சின. அங்கே வாழ்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்தனர். அவர்களுடைய பிள்ளைகளின் சொத்துரிமையும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. காந்தியடிகளின் மணமும் இக்கணக்கில் செல்லாத மணமே!

அதுகாறும் போராட்டத்தில் சிறை சென்றவர்கள் ஆண்களே. இப்போது பெண்கள் முன்வந்தனர். தங்கள் மானத்திற்கு நேர்ந்த இழுக்கை நீக்காவிடில் தாங்களும் சிறை செல்வோம் என்று டிரான்சுவால் இந்தியப் பெண்கள் சங்கத்தினர் 1913 மே மாதத்திலேயே அரசாங்கத்திற்குத் தெரிவித்தனர். செப்டம்பர் மாதத்தில் கசுதூரிபாயும் மற்றும் மூன்று பெண்களும் அடங்கிய முதற் குழு மாநில எல்லையைக் கடந்து கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றது.

அடுத்து எழுந்தவர்கள் டிரான்சுவாலில் வாழ்ந்த பதினொரு பெண்கள். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழர். அறுவர் கைக்குழந்தையுடன் வந்தனர், ஒருவர் கருவுற்றிருந்தார். அவர்கள் அனுமதியின்றி எல்லையைக் கடந்தபோதும், உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றபோதும் காவலர் அவர்களைக் கைது செய்யவில்லை. எனவே அக்டோபர் மாதத்தில் நேட்டாலுக்குள் புகுந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களை அடைந்தனர். அங்கே உழைத்தவர்களிடம் அவர்களுடைய தாய்மொழியிலேயே பேசினர். தங்கள் மண உரிமையை மட்டும் அன்று, ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரியையும் எடுத்துரைத்தனர். தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்தனர். பேச்சு ஒன்றே படைக்கலமாகச் சென்ற அப்பெண்கள் தொடங்கிவைத்த வேலைநிறுத்தம் நேட்டால் முழுதும் பரவியது. நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகளின் தலைமையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்சுவால் எல்லையை நோக்கி நடந்தனர்.

இச்செய்தி தாய்நாட்டை எட்டியது. அரசப் பிரதிநிதியான ஆர்டிஞ்சு பிரபு, அந்நவம்பர் மாதத்திலேயே சென்னைக்கு வந்திருந்தபோது, தென்னாப்பிரிக்க அரசாங்கத்தின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமை அதிகாரி ஒருவரே பிரிட்டிஷ் பேரரசின் மற்றொரு அரசாங்கத்தைக் கண்டித்தது அரிய நிகழ்ச்சி.

இப்போராட்டத்திற்குத் தமிழகம் கொடுத்த விலையின் பெயர் வள்ளியம்மை. தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள தில்லையாடியில் வேர்கொண்ட குடும்பம்; பிறந்ததோ சோகானிசுபர்க்கில். தாயுடன் சிறை சென்ற அவ்விளம்பெண், கடுஞ்சுரத்துடன் வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர்நீத்தாள். வயது பதினாறு. அவள் மணமாகாதவள் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பிறர் மனைவியர் இழந்த உரிமைக்காக அவள் தன் உயிரைத் தந்தாள். 1915-ஆம் ஆண்டில் தமிழகம் வந்த காந்தியடிகள் தில்லையாடிக்குச் சென்று வந்தார்.

1914-ஆம் ஆண்டில் இந்தியர் துயர் தணிப்புச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்திய சமய முறைப்படி நடந்த ஒருதார மணம் ஏற்கப்பட்டது. மனைவி ஒருத்தியும் அவளுடைய வயது வராத மக்களும் உள்ளே வர வழி பிறந்தது. இது பெரு வெற்றி. ஆனால் முழு வெற்றி அன்று. இரண்டாம் மனைவியாக வாழ்ந்த பெண்ணுக்குச் சட்டம் அவ்வுரிமையைத் தரவில்லை. பலதார மணம் போற்றத்தக்கது என்று நாம் கூறவில்லை. அதன் தண்டனை ஆடவனை விட்டுவிட்டுப் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் சேர்ந்தது என்பதையே சுட்டுகிறோம்.

பெற்ற உரிமையும் நிலைக்கவில்லை. நிறவெறி ஆட்சி வேரூன்றியபோது, 1949-இல் வெள்ளையருக்கும் பிற இனத்தவருக்கும் இடையே திருமணம் தடை செய்யப்பட்டது. 1953-இல் வந்த திருத்தச் சட்டம், இந்தியாவில் மணந்த மனைவியரை அழைத்துவரும் வாயிலையும் அடைத்தது. கலப்பு மணத் தடை 1985-இல் நீங்கிற்று; 1994-இல் நிறவெறி ஆட்சியே வீழ்ந்தது.

அதே நாட்டில் அமைந்த அரசியலமைப்பு நீதிமன்றம், 2000-ஆம் ஆண்டில் தாவூத் வழக்கில் ஒரு சிறந்த தீர்ப்பை வழங்கியது. வெளிநாட்டவரை மணந்த ஒருவரை அவர் துணையிடமிருந்து தக்க காரணமின்றிப் பிரிப்பது மனித மாண்பைப் புண்படுத்துவது என்று அந்நீதிமன்றம் கூறியது. 2022 ஜூன் 28-ஆம் நாள் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், முசுலிம் முறைப்படி நடந்த மணங்களைச் சட்டம் ஏற்காதிருப்பது அரசியலமைப்பிற்கு மாறானது என்று முடிவு செய்தது. பாய் மரியம் துறைமுகத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று!

பிறரைக் குறைகூறும் நாம் நம்மையும் நோக்குதல் வேண்டும். 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், இந்தியரை மணந்த அயல்நாட்டுப் பெண் பதிவின் மூலம் குடியுரிமை பெற வழிசெய்தது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அவ்வழியைத் திறக்கவில்லை. மனைவி கணவனைப் பின்தொடர்வாள், கணவன் மனைவியைப் பின்தொடரான் என்ற பழைய எண்ணமே அதன் அடிப்படை. 1986-ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வேற்றுமையை அகற்றியது. இப்போது ஆணாயினும் பெண்ணாயினும், ஏழாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தபின் விண்ணப்பிக்கலாம்.

இன்று தமிழ்நாட்டு இளைஞரும் மகளிரும் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் உலகெங்கும் செல்கின்றனர்; அயல்நாட்டவரை மணப்பதும் அரிதன்று. அவர்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் சாளரத்தில் நின்று அப்பழைய வினாவிற்கு விடை கூறியே ஆக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாரின் மணத்தையும் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. அப்பதிவுத் தாளை வெறும் காகிதமென்று இகழாதீர்கள். அது இல்லாமையால் தவித்தவர்கள் நம் முன்னோர்.

பொய்யான மணங்களைத் தடுக்க அரசாங்கம் சான்று கேட்பது தவறன்று. ஆனால் சான்று கேட்பது வேறு. இன்ன சமயத்தாரின் மணம் மணமே அன்று என்று முன்கூட்டியே முடிவு செய்வது வேறு. முன்னது காவல், பின்னது கொடுமை. இவ்வேற்றுமையைச் சட்ட நூல் கற்காத பெண்கள், கையில் குழந்தையுடன் சுரங்க வாயிலில் நின்று, 1913-ஆம் ஆண்டிலேயே உலகுக்கு உணர்த்தினார்கள்.