நிகண்டு, கோசம், பொருளகராதி

ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் திரட்டித் தரும் நூலை இக்காலத்தார் ‘ஒருபொருட் பன்மொழி அகராதி’ என்றும் ‘சொற்களஞ்சியம்’ என்றும் வழங்குகின்றனர். இவற்றினும் பழைய பெயர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, கொள்ளிடத்தின் வடபால் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியோடு தொடர்புடையது.

வடமொழியில் முற்பட்ட பெயர் நிகண்டு. யாஸ்கர் நிருக்தம் செய்தது அப்பெயரிய வேதச் சொற்கோவைக்கே. பூமியின் 21 பெயர்கள் அதன் தொடக்கம். பின்னையோர் ‘கோசம்’ என்றனர். கோசமாவது கருவூலம். ஐரோப்பியர் வழங்கும் ‘தெசாரஸ்’ என்னும் சொல்லுக்கும் கிரேக்கத்தில் பொருள் அதுவேயாதலின், ‘களஞ்சியம்’ என்பது சொல்லாற் புதிதாயினும் கருத்தாற் பழையதே. தமிழிலோ இவ்வகை நூலுக்கு ‘உரிச்சொல்’ என்னும் பெயரும் நின்றது. பவணந்தியார் பிங்கலம் முதலியவற்றை உரிச்சொல் என்றே சுட்டினார். காங்கேயர் நூலும் உரிச்சொல் நிகண்டு எனப்படும்.

நிகண்டு நெஞ்சில் இருத்தற்கு அமைந்தது. திவாகரம் தெய்வப் பெயரில் தொடங்கி 12 தொகுதிகளாய்ச் செல்லும்; அதனை ஓதி வையாதார்க்கு ஒரு சொல்லைத் தேடி எடுத்தல் அரிது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் எழுத்துமுறை தழுவிச் செய்த நூல் ‘அகராதி நிகண்டு’. அங்கே அகராதி என்பது நிகண்டுக்கு அடைமொழியே. ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணிபுரிந்த வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) அவ்வடைமொழி தானே நூற்பெயராயிற்று. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பகுதிகளுள், ஒரு பொருளின் பல பெயர்களை அகர வரிசையில் தருவது பொருளகராதி. நூல் 1824இல் சென்னையில் அச்சேறியது.

எழுத்துமுறை முற்றும் மேனாட்டுக் கொடை என்பார் வைஜயந்தியைப் பார்த்திலர் போலும். எம்பெருமானாருக்கு முன்னாளில் ஆசிரியராயிருந்து, பின்பு அவர்க்கே சிஷ்யராய்க் கோவிந்த ஜீயர் எனத் திருநாமம் பெற்றவராகக் குருபரம்பரை கூறும் யாதவப்பிரகாசர் இயற்றிய கோசம் அது. பலபொருள் ஒருசொற்களை அக்ஷர எண், லிங்கம், முதலெழுத்து என்ற முறையில் அவர் வகுத்தார். ஆயினும் ஒருபொருட் பன்மொழிகளை ஸ்வர்க்கம், அந்தரிக்ஷம், பூமி, பாதாளம் என உலக அடைவிலேயே வைத்தார். அந்த அடைவையும் எழுத்துக்கு உட்படுத்தியதே முனிவர் செய்த புதுமை.

இதனால் தேடுதல் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. வியாக்கியானம் வாசிப்பார்க்கு இடர் வேறிடத்தில் உள்ளது. நிகண்டாயினும் அகராதியாயினும் திருநாமங்களைப் பர்யாயமாக, ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிரல்படுத்தும். பராசர பட்டரோ பகவத்குணதர்பணத்தில் ஒவ்வொரு திருநாமத்துக்கும் ஒரு குணத்தைக் காட்டுவார். ஸஹஸ்ரநாமத்தில் ‘விஷ்ணு’ என்பது மும்முறை வருகிறது. மூன்றிடத்தும் கருத்தை வேறுபடுத்தியே அவர் உரைக்கிறார். ஒரே சொல்லே இவ்வாறு பிரியுமாயின், வெவ்வேறு சொற்களை ஈடென்று கொள்வது எங்ஙனம்? பூர்வாசார்யர்கள் பௌத்தரெனப்படும் அமரசிம்மரின் கோசத்தையும் விலக்கினாரல்லர். சொல் இன்ன பொருளைக் குறிக்கும் என்னுமளவிற்கு அதைக் கொண்டு, அச்சொல் அவ்விடத்தில் வந்த காரணத்தைத் தாமே ஆராய்ந்தனர்.

பன்மொழி நூலுக்குப் புதுப்பெயர் தேடுவார், முனிவரின் ‘பொருளகராதி’யை எடுத்தாளலாம். சுருங்கிய சொல், அந்நூல் காட்டுவது பொருளளவே என்பதும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.