ஒரே கோப்பில் இரண்டு கைகள்

மென்பொருளே மென்பொருள் எழுதத் தொடங்கியதும் கூடவே ஒரு தகராறும் வந்தது: இயந்திரம் எழுதிய கோப்பில் மனிதன் கை வைக்கலாமா?

1990களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘ஐபில்டு’ அந்தத் தகராறைத் தீர்த்த விதம் எளிமையானது. திரையில் பொத்தான்களை அடுக்கினால், அது சி++ நிரலைத் தானே எழுதிவிடும். புரோகிராமர் அதில் நாலு வரி சேர்த்தால், அடுத்த முறை நிரல் உருவாகும்போது அவை அழிந்துபோகும். அதனால் ஐபில்டு இரண்டு கிளாஸ்களை எழுதியது. தாய் கிளாஸ் இயந்திரத்துடையது. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படும். அதன் சப்கிளாஸ் மனிதனுடையது. அதை இயந்திரம் மறுபடி தொடாது. ஐபில்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் விளிஸ்ஸைட்ஸ், பின்னர் இந்த உத்திக்கு ‘ஜெனரேஷன் கேப்’ என்று பெயர் வைத்தார்.

இதற்கு அடிப்படையான மரபுரிமை, அதாவது தாய் கிளாஸில் உள்ளதைச் சப்கிளாஸ் பெற்றுக்கொள்வது, ஆஸ்லோவில் டாலும் நைகார்டும் வடிவமைத்த சிமுலா 67 மொழியிலேயே இருந்தது.

டேட்டாபேஸ் உலகமும் இதைப் பிடித்துக்கொண்டது. பிஎச்பியின் ‘புரோபெல்’, book என்ற டேபிளுக்கு ‘பேஸ்’ என்ற முன்னொட்டுடன் ஒரு தாய் கிளாஸையும், புரோகிராமர் நிரப்பிக்கொள்ள வெறுமையான ஒரு சப்கிளாஸையும் தந்தது.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில்தான் சிக்கல். 2002இல் வந்த முதல் பதிப்பிலேயே, ஸ்கீமாவைக் கொடுத்தால் ‘கஸ்டமர்ஸ்ரோ’ போன்ற கிளாஸ்களை எழுதித்தரும் ‘டைப்டு டேட்டாசெட்’ இருந்தது. அந்த ரோவுக்கு ஒரு சப்கிளாஸ் எழுதினாலும் பயனில்லை. புதிய ரோவை உருவாக்குவது டேபிளின் ‘நியூரோஃப்ரம்பில்டர்’ என்ற மெத்தட். அதற்குள் தாய் கிளாஸின் பெயரே எழுதப்பட்டிருக்கும். டேபிளிடம் எத்தனை முறை கேட்டாலும் தாய்தான் வரும், சேய் வராது.

2005இல் சி ஷார்ப் 2.0 வேறு வழி காட்டியது. ‘பார்ஷியல்’ என்று குறித்தால், ஒரே கிளாஸை இரண்டு கோப்புகளில் எழுதலாம். கம்பைலர் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் இயந்திரம் எழுதிவிட்ட மெத்தடை மறு பாதியில் மாற்றி எழுத முடியாது. சப்கிளாஸில் அது முடியும். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, 2007இல் சி ஷார்ப் 3.0 ‘பார்ஷியல் மெத்தட்’களைக் கொண்டுவந்தது: இயந்திரம் பெயரை மட்டும் விட்டுவைக்கும், உள்ளே எழுதுவது மனிதனின் விருப்பம்.

கூகுள் 2008இல் பொதுவில் வெளியிட்ட ‘புரோட்டோகால் பஃபர்ஸ்’ கதவையே சாத்தியது. அதன் ஆவணம், உருவாக்கப்பட்ட கிளாஸிலிருந்து சப்கிளாஸ் எடுக்க வேண்டாம், வேண்டிய வேலைகளைச் செய்ய அதை உள்ளே வைத்துத் தனியொரு கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது.