கள்ளுக்கடை மூடியபோது பிறந்த வரி!

பங்குனி மாதத்தில் ஃபிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். குளிரில் செத்த மாதிரி கிடந்த கொடியில் அப்போதுதான் துளிர் எட்டிப் பார்க்கும். அதே பங்குனியில் பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைப் பக்கம் காரை விடுங்கள்... அங்கே அறுவடை நடந்துகொண்டிருக்கும்! நம் ஊர் வெயிலில் திராட்சைக் கொடி தூங்குவதே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரித்து, அதை ஏமாற்றித்தான் காய்க்க வைக்கிறார்கள். பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஒயின் திராட்சை இறங்கும்.

தொழில் விஷயமாக அடிக்கடி ஃபிரான்ஸ் போய்வந்த கன்வல் குரோவர் என்பவர், ஷாம்பெயின் நாட்டு நிபுணர் ஜார்ஜ் வெசலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 1988-ல் இங்கே ஒயின் தோட்டம் போட்டார். அதற்கு முன் இந்தப் பக்கம் பேர் வாங்கியது ‘பெங்களூர் நீலம்’ என்கிற கறுப்புத் திராட்சை. (பேர் நீலம், பழம் கறுப்பு... கேட்கக் கூடாது!) நமக்கு ‘ஒயின்’ என்றால் ஞாபகம் வருவது வேறு. அந்தக் காலத்து ‘ஒயின் ஷாப்’பில் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் கிடைக்கும். ஒயினைத் தவிர!

நந்தி மலையிலிருந்து இன்னொன்றும் புறப்படுகிறது. தென்பெண்ணை ஆறு. மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் சில நாள் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி நிற்கும். பெங்களூர் நகரத்துக் கழிவின் கைங்கரியம். அந்த ஆற்றோடு கீழே வாருங்கள். ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்றொரு சின்ன ஊர். 1878 டிசம்பர் 10 அன்று, அந்த ஊர் முன்சீப் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. ராஜகோபாலாச்சாரி... ராஜாஜி! திராட்சைக்கும் ஒயினுக்கும் இன்று பேர் போன மலையின் தண்ணீர், மதுவிலக்குக்குப் பேர் போன மனிதரின் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது.

ஆனால், இந்த மண்ணில் மதுவிலக்கைப் பேசிய முதல் ஆள் ராஜாஜி இல்லை. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது மைசூர் ராஜ்ஜியம். நந்தி மலைக் கோட்டையைக் கோடைவாசத்துக்கு வைத்திருந்த திப்பு சுல்தான் அவரை முந்திக்கொண்டவர். 1787-ல், தன் அமைச்சர் மீர் சாதிக்குக்குக் கண்டிப்பாக எழுதினார்: ராஜ்ஜியம் முழுக்க மது கூடாது, கஜானாவுக்கு நஷ்டம் என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று. தன்னிடம் வேலை பார்த்த ஃபிரெஞ்சு சிப்பாய்களுக்கு மட்டும் சலுகை. வெள்ளைக்காரச் சிப்பாயைக் குடிக்காமல் வைத்திருக்க சுல்தானாலும் முடியவில்லை, பாவம்.

ஐந்தே வருஷம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம். கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் கலெக்டர். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். 1799-ல் திப்பு விழுந்ததும் ஓசூரும் போயிற்று. கம்பெனி வியாபாரக் கம்பெனி. குடிப்பது பாவமா, புண்ணியமா என்று அது ஏன் யோசிக்கப் போகிறது? சாராயம், கள் எல்லாவற்றையும் குத்தகைக்கு விட்டது. 1886-ல் அப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்க மரத்துக்கு வரி, விற்கக் கடைக்கு ஏலம். கடைசியில் 1930-களில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு குடிகாரனின் பாக்கெட்டிலிருந்துதான் வந்தது. சர்க்கார் பள்ளிக்கூடத்து வாத்தியார் சம்பளத்திலும் கள் வாசனை அடித்தது என்று சொன்னால் தப்பில்லை.

ராஜாஜி இதை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்செங்கோடு பக்கத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர், அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கூட இருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் கல்கி! இதே சேலம் சீமையில் பெரியாரும், கள்ளுக்கு எதிராகத் தன் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர். பின்னாளில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே கட்சி.

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.) அதே வருஷம் அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி, பாரூர் எல்லாம் அன்று சேலம் மாவட்டம்தான். திப்புவின் கடிதத்துக்குச் சரியாக 150 வருஷம் கழித்து, அதே மண்!

கடை மூடிய சாயங்காலங்களை என்ன செய்வது? பஜனை, கூத்து, விளையாட்டு என்று ஏற்பாடுகள் நடந்தன. குடிகாரன் வீட்டில் அடுப்பு எரிந்தது உண்மை. மரம் ஏறிப் பிழைத்தவன் அடுப்பு அணைந்ததும் உண்மை. அந்த இரண்டாவது அடுப்பைப் பற்றி நம் சரித்திரப் புத்தகங்களில் அதிகம் இருக்காது. இதில் ஓசூருக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம். கூப்பிடு தூரத்தில் மைசூர் சமஸ்தானம். அங்கே ராஜாஜியின் சட்டம் செல்லாது. எல்லை தாண்டினால் கடை!

அடுத்த வருஷம் சித்தூரும் கடப்பாவும், 1939-ல் வட ஆற்காடும் சேர்ந்தன. கஜானாவில் விழுந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது? அங்கேதான் ராஜாஜியின் மூளை. 1939-ல் இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். குடிக்கிறவன் கொடுத்த பணத்தை இனி கடைக்குப் போகிற எல்லோரும் கொடுக்க வேண்டும். வியாபாரிகள் கொதித்தார்கள். அதே வருஷக் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை ஓரம் கட்டியது. வரியை? அதை மட்டும் தொடவில்லை!

பிற்பாடு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் அதைத் தள்ளிவைத்தபோது, 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் கோபாலபுரம் போய், ‘வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. 1974-ல் மறுபடி மூடி, 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்து, 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது.

ஆறு இதற்குள் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பி, பாரூர் பெரிய ஏரிக்கு வந்திருக்கும். நந்தி மலைத் தண்ணீர் இங்கே திராட்சைக்கு இல்லை, நெல்லுக்கும் மீனுக்கும். சுற்றிலும் மாந்தோப்பு. பங்குனியில் கிளிமூக்கு மாங்காய் பிஞ்சும் காயுமாகத் தொங்கும். கூழ் ஃபேக்டரிகள் மும்முரமாக இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

அந்த விற்பனை வரி என்ன ஆச்சு என்கிறீர்களா? 1959-ல் புதுச் சட்டம், 2007-ல் ‘வாட்’ என்று பேர் மாற்றம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது. முழுசாக அல்ல. ஜி.எஸ்.டி.க்குள் வராத சரக்குகள் மேல் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் சரக்கு, மது! கள்ளுக்கடையை மூடப் பிறந்த வரியின் வாரிசு இன்று டாஸ்மாக் பாட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் பெட்ரோல், டீசல். ஓசூரைத் தாண்டியதும் காருக்கு பெட்ரோல் போட்டீர்களே... அந்த விலைக்குள்ளும் அது இருந்தது.