பல மரபணுத் திரிபுகள் உள்ள நுரையீரல் புற்றுநோய்: இலக்குச் சிகிச்சை

ஒரே கட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுத் திரிபுகள் இருக்கும்போது, அவற்றுள் புற்றுநோயை வளர்க்கும் திரிபைக் கண்டறிந்து அதன் செயலைத் தடுக்கும் மருத்துவ முறை இது. பெரும்பாலும் அடினோகார்சினோமா எனும் நுரையீரல் புற்றுநோய் வகைக்கே பயன்படுகிறது.

சோதனை அறிக்கையில் நாலைந்து திரிபுகளின் பெயரைக் கண்டதும் குடும்பத்தார் கலங்கிப்போகிறார்கள். ஆனால் எல்லாத் திரிபுக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். திரிபு நோயை முன்னின்று நடத்துவது. ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை அதற்குப் பலன் தருகிறது என்பது 2004இல் தெரியவந்தது. கிழக்காசியாவில் அடினோகார்சினோமா நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இத்திரிபு உண்டு. மேற்கு நாடுகளில் 10 முதல் 15 சதவீதம். புகைபிடித்தே அறியாத பெண்களிடமும் இது காணப்படுவதால், விடாத இருமலை அவர்கள் அலட்சியம் செய்யலாகாது.

கூடவே டி.பி.53 திரிபும் இருந்தால் மருந்தின் பலன் விரைவில் குறையக்கூடும். டி.பி.53க்கெனத் தனி மாத்திரை வழக்கில் இல்லை. எனவே சில நோயாளருக்கு மாத்திரையோடு கீமோவும் சேர்க்கப்படுகிறது.

சில திரிபுகள் சிகிச்சைக்கிடையே தோன்றுபவை. ஜெஃபிட்டினிப், எர்லொட்டினிப் போன்ற மருந்துகள் பலன் இழக்கும்போது பாதிக்கு மேற்பட்டோரிடம் டி790எம் திரிபு காணப்படுகிறது. அதை எதிர்க்கும் ஒசிமெர்ட்டினிப்புக்கு அமெரிக்கா 2015இல் ஒப்புதல் அளித்தது. இன்று பல நாடுகளில் அதுவே முதல் மருந்து. அதையும் மீறி சி797எஸ் திரிபோ மெட் மரபணுப் பெருக்கமோ வரலாம். ஈ.ஜி.எஃப்.ஆர்., மெட் இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் அமிவன்டமாப் ஊசிமருந்து 2021 முதல் புழக்கத்தில் உள்ளது. ஆகவே நோய் திரும்ப வளர்ந்தால் பழைய அறிக்கையை நம்பாமல், திசுவையோ இரத்தத்தையோ மறுபடி சோதிப்பதே முறை.

இலங்கையில், கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதியினருக்கு அரச புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் மகரகமை அபெக்ஷா வைத்தியசாலை. சிகிச்சை இலவசம். வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் உண்டு. 2013இல் வடக்கிலேயே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டதால் அந்த அலைச்சல் பலருக்குக் குறைந்தது. மருந்துகளைப் பொறுத்தவரை, எர்லொட்டினிப் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. புதிய மருந்துகளோ மிகுந்த விலையுடையவை. 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண புற்றுநோய் மருந்துகளுக்கே நாட்டில் தட்டுப்பாடு வந்தது.

விரிவான மரபணுச் சோதனைக்கு மாதிரிகள் இந்திய ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. பயொப்சித் திசு மெழுகுக் கட்டியில் பாதுகாக்கப்படும். வைத்தியசாலை மாறும் நோயாளர் அந்த மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற வேண்டும்.