ஓர் உடன்போக்கின் நேர அட்டவணை: லண்டன், செப்டம்பர் 1846

வீட்டை விட்டு ஓடிப்போய்த் திருமணம் செய்து கொள்வது என்றதும் நம் மனதில் வருவது ஒரு சினிமாக் காட்சிதான். நள்ளிரவு, ஜன்னலில் ஏணி, தெருமுனையில் காத்திருக்கும் வண்டி, பின்னால் துரத்தி வரும் அண்ணன்மார். உணர்ச்சி வேகத்தில் ஒரே நொடியில் எடுக்கும் முடிவு என்றே பலரும் நினைக்கிறார்கள். சங்க இலக்கியம் 'உடன்போக்கு' என்று அழகாகப் பெயர் வைத்த இந்தச் செயலுக்குப் பின்னால் எவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற உடன்போக்குகளில் ஒன்று பட்டப்பகலில், தபாலில் திட்டமிட்டு, ரயில் நேரம் பார்த்து நடந்தது. அதைச் செய்தவர்கள் இரண்டு ஆங்கிலக் கவிஞர்கள். எலிசபெத் பாரெட்டுக்கு அப்போது வயது 40. ராபர்ட் பிரௌனிங்குக்கு 34.

சட்டம் என்ன சொன்னது?

முதலில் அந்தக் கால இங்கிலாந்தின் திருமணச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1753ல் ஹார்ட்விக் பிரபு கொண்டு வந்த சட்டம் ரகசியத் திருமணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் வாங்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்குத் தந்தையின் சம்மதம் கட்டாயம். இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது என்பதால் இளம் காதலர்கள் எல்லையைத் தாண்டி ஓடினார்கள். எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் அப்படித்தான் புகழ்பெற்றது. 1856ல் வந்த இன்னொரு சட்டம், மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அந்த ஓட்டம் குறைந்தது.

ஆனால் எலிசபெத்துக்கும் ராபர்ட்டுக்கும் கிரெட்னா கிரீன் தேவையே இல்லை. இருவரும் 21 வயதை எப்போதோ தாண்டியவர்கள். சட்டப்படி யாருடைய சம்மதமும் வேண்டாம். பணமும் தடையில்லை. எலிசபெத்துக்கு உறவினர் வழியில் வந்த சொந்த வருமானம் இருந்தது. அப்படியானால் ஏன் ஓட வேண்டும்?

விம்போல் தெரு வீடு

தடை சட்டப் புத்தகத்தில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. எலிசபெத்தின் தந்தை எட்வர்ட் மோல்ட்டன் பாரெட் லண்டனில் விம்போல் தெரு 50ஆம் எண் வீட்டில் வாழ்ந்தார். தன் பிள்ளைகளில் ஆணோ பெண்ணோ யாரும் திருமணம் செய்து கொள்ளக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மீறினால் மகள் இல்லை, மகனும் இல்லை. இது வெறும் மிரட்டல் அல்ல. பின்னாளில் 1850ல் திருமணம் செய்து கொண்ட இளைய மகள் ஹென்ரியட்டாவையும், 1855ல் திருமணம் செய்து கொண்ட மகன் ஆல்பிரடையும் அவர் அப்படியே ஒதுக்கினார்.

எலிசபெத்தோ பல ஆண்டுகளாக நோயாளி. பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே சோபாவில் படுத்திருந்தவர். மிகவும் நேசித்த தம்பி எட்வர்ட் 1840ல் டார்க்கி கடலில் படகு கவிழ்ந்து இறந்தது அவரை இன்னும் முடக்கியது. ஆனால் எழுத்தை அவர் விடவில்லை. 1844ல் வெளிவந்த கவிதைத் தொகுப்பு அவரை நாடறிந்த கவிஞராக்கியது. அதைப் படித்துவிட்டு ராபர்ட் பிரௌனிங் 1845 ஜனவரி 10ல் முதல் கடிதம் எழுதினார். மே 20ல் நேரில் சந்தித்தார். முதல் கடிதத்திலிருந்து 20 மாதங்களில் இருவருக்கும் இடையே 570க்கும் மேற்பட்ட கடிதங்கள் போய் வந்தன. லண்டனுக்குள் தபால் அன்று ஒரே நாளில் பலமுறை பட்டுவாடா ஆனது. காலையில் போட்ட கடிதத்துக்கு மாலையில் பதில் வந்துவிடும். இந்த வசதி இல்லாவிட்டால் அவர்கள் திட்டம் நடந்தே இருக்காது.

ஒத்திகை

திட்டத்தின் முதல் பகுதி கடிகாரத்தில் தொடங்கவில்லை, காலில் தொடங்கியது. நடக்கவே பழக்கமில்லாத ஒருவர் எப்படி வீட்டை விட்டுப் போக முடியும்? 1846ன் கோடையில் எலிசபெத் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர ஆரம்பித்தார். மாடிப்படி இறங்கினார். ரீஜன்ட் பூங்காவுக்குப் போனார். தானே போய்க் கடிதத்தைத் தபாலில் போட்டார். உறவினர் ஒருவருடன் ரயில் நிலையத்துக்குப் போய் ரயில் வந்து நிற்பதைப் பார்த்தார். அந்த இரைச்சலே அவரைத் தடுமாற வைத்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில் எதிர்பாராத ஒரு சோதனை வந்தது. அவருடைய செல்ல நாய் ஃபிளஷை நாய் திருடும் கும்பல் ஒன்று கடத்திக் கொண்டு போய்ப் பணம் கேட்டது. கொடுக்கக் கூடாது என்று தந்தை சொன்னார், ராபர்ட்டும் கொள்கையளவில் அதையே சொன்னார். எலிசபெத் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. பணிப்பெண் எலிசபெத் வில்சனை அழைத்துக் கொண்டு, வாடகை வண்டியில் லண்டனின் கிழக்குப் பகுதிச் சேரிக்கே போய்விட்டார்! கடைசியில் 6 கினி கொடுத்து நாய் மீட்கப்பட்டது. சோபாவை விட்டு எழ முடியாதவர் என்று எல்லோரும் நினைத்த பெண் இவர்தான்.

மூன்று நாளில் முடிவு

செப்டம்பர் 9 மாலை வீட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. வீட்டைச் சுத்தம் செய்து செப்பனிட வேண்டும், அதனால் குடும்பம் சில வாரம் கிராமப்புறத்துக்குப் போகிறது, வாடகைக்கு வீடு பார்க்கத் தம்பி ஜார்ஜ் கிளம்புகிறான். அன்றிரவே எலிசபெத் ராபர்ட்டுக்கு எழுதினார். குளிர்காலத்துக்கு முன் இத்தாலி போகலாம் என்று ஆற அமரப் பேசிக் கொண்டிருந்த இருவருக்கும் இப்போது கெடு வந்துவிட்டது. உடனே திருமணம், பிறகு பயணம் என்று ராபர்ட் பதில் எழுதி, லைசென்ஸ் வாங்கப் புறப்பட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு என்றால் தந்தை காதுக்கு எட்டிவிடும். லைசென்ஸ் என்றால் சத்தமில்லாமல் முடியும்.

இன்னொரு விதியும் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்த முடியும். (1886ல்தான் இது மாலை 3 மணி வரை நீட்டிக்கப்பட்டது.) ஆகவே இருட்டில் நழுவிப் போய் மணமுடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. வீடு விழித்திருக்கும் நேரத்தில்தான் வெளியேற வேண்டும்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை. எலிசபெத் வில்சனுடன் நடந்தே கிளம்பினார். வழியில் மயக்கம் வர, மருந்துக் கடையில் நின்று முகர்ந்து தெளியும் மருந்து வாங்க வேண்டியிருந்தது. பிறகு வாடகை வண்டி பிடித்து செயின்ட் மேரிலபோன் தேவாலயத்தை அடைந்தார். 11 மணியை ஒட்டித் திருமணம் முடிந்தது. சாட்சிகள் இரண்டே பேர்: ராபர்ட்டின் உறவினர் ஜேம்ஸ் சில்வர்தார்ன், பணிப்பெண் வில்சன். அது தங்களுடைய 91ஆவது சந்திப்பு என்று ராபர்ட் குறித்து வைத்திருக்கிறார். தேவாலய வாசலிலேயே இருவரும் பிரிந்தார்கள். எலிசபெத், கண் பார்வையற்ற கிரேக்க அறிஞர் ஹியூ ஸ்டூவர்ட் பாய்டின் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தார். தங்கைகள் அங்கே வந்து அவரை அழைத்துப் போனார்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிஸ் பாரெட்டாகவே வீடு திரும்பினார்.

நடுவில் ஏழு நாள்

இந்த ஒரு வாரம்தான் இருவருக்கும் கடினமானது. ராபர்ட் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. கதவைத் தட்டி 'மிஸ் பாரெட் இருக்கிறாரா' என்று தன் மனைவியைப் பற்றிக் கேட்பது பொய் ஆகிவிடும் என்று நினைத்தார். பொய்யான அமைதியோடு தந்தையின் எதிரில் தினமும் இருக்க வேண்டிய பாரம் எலிசபெத்தின் மீது விழுந்தது.

தங்கைகள் ஹென்ரியட்டாவுக்கும் அராபெல்லாவுக்கும் காதல் தெரியும். ஆனால் நாளும் நேரமும் வேண்டுமென்றே மறைக்கப்பட்டன. நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளை தந்தை விசாரித்தால், தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக. பத்திரிகையில் போட வேண்டிய திருமண அறிவிப்பில் தேதி வேண்டாம் என்றும் முடிவானது. தேதி இருந்தால், மணமான பிறகும் ஒரு வாரம் தந்தை வீட்டிலேயே இருந்தது வெளிப்பட்டுவிடும்.

இதற்கிடையே கடிதங்களில் பேச்சு முழுவதும் பெட்டி, ரயில், கப்பல் பற்றித்தான். எலிசபெத்துக்கும் வில்சனுக்கும் சேர்த்து ஒரு சிறிய பெட்டி, ஒரு கம்பளப் பை. அவ்வளவுதான். அதிகச் சுமையோடு வெளியேறினால் யாராவது கேட்பார்கள். ஆனால் ராபர்ட் எழுதிய கடிதங்களை மட்டும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அவற்றையும் எடுத்துக் கொண்டார்.

ராபர்ட் கவிதையில் சூரர், அட்டவணையில் அல்ல! கப்பல் புறப்படும் நாளையும் நேரத்தையும் குழப்பிக் கொண்டார். எலிசபெத் சந்தேகம் கேட்டு எழுத, மறுபடி பார்த்துத் திருத்தி எழுதினார். யோசித்துப் பாருங்கள். தவறான நாளில் எலிசபெத் வீட்டை விட்டு இறங்கியிருந்தால், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பல் இல்லாமல் நின்றிருப்பார்கள்.

அந்த நாள்

கடைசியில் உறுதியான அட்டவணை இதுதான். நாள் செப்டம்பர் 19, சனிக்கிழமை. மாலை மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் வீட்டை விட்டு வெளியேறி, அருகிலிருந்த ஹாட்ஜ்சன் புத்தகக் கடையில் சந்திப்பு. அங்கிருந்து வண்டியில் நைன் எல்ம்ஸ் ரயில் நிலையம். (வாட்டர்லூ நிலையம் 1848ல்தான் திறக்கப்பட்டது.) மாலை 5 மணி ரயிலில் கிளம்பினால் 8 மணிக்கு சவுத்தாம்ப்டன். இரவு 9 மணிக்கு பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்துக்குக் கப்பல். அந்த ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டு அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. குதிரை வண்டிக் காலத்தில் ஒரு நோயாளியை இவ்வளவு விரைவாகக் கடற்கரை சேர்த்திருக்க முடியாது.

தந்தைக்கும் தங்கைகளுக்கும் தம்பி ஜார்ஜுக்கும் கடிதம் எழுதிவிட்டு, வில்சனோடும் ஃபிளஷோடும் எலிசபெத் படியிறங்கினார். நாய் குரைக்கவில்லை. திட்டமிட்டபடியே கப்பல் கிடைத்தது. ரூவான், பாரிஸ் வழியாக அக்டோபரில் இத்தாலியின் பீசா நகரை அடைந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிளாரன்ஸில் குடியேறினார்கள். 1849ல் மகன் பிறந்தான். சாகக் கிடப்பதாக எல்லோரும் நினைத்த எலிசபெத் 1861 ஜூன் 29 வரை, கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் கணவனுடன் வாழ்ந்தார்.

கணக்கில் வராதவை

எல்லாவற்றையும் திட்டமிட்ட எலிசபெத்தால் ஒன்றை மட்டும் திட்டமிட முடியவில்லை. தந்தையின் மனம் காலப்போக்கில் இளகும் என்று அவர் நம்பினார். இளகவில்லை. 1851ல் அவர் லண்டன் வந்தபோது, அதுவரை தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. ஒன்றின் முத்திரை கூட உடைக்கப்பட்டிருக்கவில்லை. தந்தை 1857ல் இறந்தார். கடைசி வரை இருவரும் சந்திக்கவில்லை.

வில்சனையும் மறந்துவிடக் கூடாது. திட்டம் தோற்றிருந்தால் எலிசபெத்துக்கு அறை இருந்திருக்கும். வில்சனுக்கு வேலையும் இருந்திருக்காது, அடுத்த வேலைக்கு நற்சான்றும் கிடைத்திருக்காது. தேவாலயத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான், தெரியாத நாட்டுக்குக் கூடவே கிளம்பியதும் அவர்தான். காதல் கதைகளில் இப்படிப்பட்டவர்களின் பெயர் ஓரத்தில்தான் வரும்.

நாற்பது வயதுப் பெண்ணுக்குச் சட்டம் முழு உரிமை கொடுத்திருந்தது. ஆனாலும் அந்த உரிமையைப் பயன்படுத்த ஒரு புத்தகக் கடை, ஒரு ரயில், ஒரு கப்பல், ஒரு பணிப்பெண், ஒரு வாரப் பொய் அமைதி எல்லாம் தேவைப்பட்டன. சட்டம் திறந்து வைத்த கதவை வீடு பூட்டி வைத்திருந்தால், ஒருவர் இப்படித்தான் மணிக்கணக்குப் பார்த்து வெளியேற வேண்டியிருக்கிறது.

இந்த விவரங்கள் எல்லாம் நமக்குத் தெரிய வந்ததே அவர்கள் கடிதத்தில் திட்டமிட்டதால்தான். 1899ல் அவர்களுடைய மகன் அந்தக் கடிதங்களை நூலாக வெளியிட்டார். தொகுப்பின் கடைசிக் கடிதம் 1846 செப்டம்பர் 18ஆம் தேதியிட்டது. அதன் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தேவை ஏற்படவில்லை.